செவலை நாய் குறுக்கே வரவில்லை

சரவணா,

நீ தமிழைத் தடவித் தடவித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளை. வீட்டு மொழி உன் நாக்கில் இருக்கிறது, கண்ணில் இல்லை. மலையாளத்தில் எழுதினால் பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே ஓட்டமாகப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி வாசி. புரியாத இடத்தில் யாரிடமாவது காட்டிக் கேட்க வேண்டி வந்தால் கேள். யார் வாசித்தாலும் சரி, எனக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ரம்யா இங்கே வந்தாள். களமசேரியில் உங்கள் வீட்டிலிருந்து பஸ் மாறி மாறி, முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கன்னத்தின் உட்பக்கம் பல்லில் பட்டுக் கிழிந்திருந்தது. இடது காதில் விசில் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தேன், வீக்கம் இருந்தது. எங்கெங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் நீ போன் செய்தாய். "ஒரே ஒரு அடிதாம்மா. வேணும்னு செய்யல. நான் அப்பா பிள்ளைம்மா. அப்பா உங்க மேல ஒரு நாளாவது கை வச்சிருக்காரா? அந்த வளர்ப்புதானே நானும்" என்றாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். கோபத்தில் வைத்தேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இருந்தது. அதைவிட வெட்கம் இருந்தது. உன்னை அப்படி நினைக்க வைத்தது நான்தான்.

உன் அப்பாவை நீ அறிந்த நாளிலிருந்து அவர் கம்பு ஊன்றி நடக்கிற, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். பஜார் ரோட்டில் சாக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. சுக்குக் குடோன்காரர்களும் மிளகுக் குடோன்காரர்களும் அவரிடம்தான் சாக்கு வாங்குவார்கள். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், சீட்டு ஆட மாட்டார். தென்காசிப் பக்கத்திலிருந்து என்னை இங்கே கட்டிக்கொடுத்தபோது என் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம். கல்யாணமாகி நான்காவது வாரம், குழம்பில் உப்பு கூடிவிட்டது. அவர் எழுந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தார். எதற்குக் கழற்றுகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம், கடிகாரத்தின் அந்தக் கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டாலே எனக்கு மூத்திரம் முட்டும். நாகரிகமாகச் சொல்ல வேறு வழி இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

கையால் அடிப்பார். கை வலித்தால் சாக்குக் கட்டுகிற கயிற்றை எடுப்பார். ஒரு முறை கதவுக்கும் நிலைக்கும் நடுவே என் விரல்களை வைத்துக் கதவைச் சாத்தினார். என் வலது கைச் சுண்டுவிரல் ஏன் மடங்காது என்று நீ சின்ன வயதில் கேட்டாய், பிறவியிலேயே அப்படி என்று சொன்னேன். முன்பல் பாதி உடைந்தபோது நான் பஸ் ஏறி என் அப்பா வீட்டுக்குப் போனேன். நீ அப்போது வயிற்றில் ஐந்து மாதம். என் அப்பா பல்லைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மறுநாள் விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பும்மா, நானே கொண்டாந்து விடுதேன்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து வழியெல்லாம் வெள்ளரிக்காயும் ஆரஞ்சும் வாங்கிக் கொடுத்தார். "கோவக்காரன்தான், ஆனா குடிக்க மாட்டான் பாத்துக்க" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பார். அவரை நான் அதற்குப் பிறகு வெறுக்கவும் இல்லை, எதற்கும் கூப்பிடவும் இல்லை.

இனி அந்தக் கார் விபத்து. உனக்கு அப்போது ஐந்து வயது. புருவத்துக்கு மேலே இருக்கும் அந்தத் தழும்பைக் காட்டி நீ எல்லோருக்கும் சொல்கிற கதை எனக்கு மனப்பாடம். வெலிங்டன் தீவில் ஒரு செவலை நாய் குறுக்கே ஓடியது, அப்பா அதைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தார், நின்றிருந்த டிரெய்லர் லாரியில் மோதியது, கால் போனது, ஆனாலும் மூன்று பேரும் பிழைத்தோம். வாயில்லாத ஒரு ஜீவனுக்காகக் காலைக் கொடுத்த மனிதர் என்று உன் கல்யாண மண்டபத்தில்கூட மைக்கில் சொன்னாய். முன்வரிசையில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

நாய் எதுவும் வரவில்லை சரவணா.

எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். பழைய வெள்ளைக் கார், அவர் ஓட்டினார், நான் பக்கத்தில், நீ பின்னால். இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு நின்றபடிதான் நீ எப்போதும் வருவாய். மண்டபத்தில் போட்டோ எடுத்தவன் எங்களை நிற்கவைத்து, "அக்கா, கொஞ்சம் சிரிங்க, காசா கேக்கப்போறேன்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. காரில் ஏறியதும் அவர் கடிகாரத்தைக் கழற்றி முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். வீடு வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. காரில் எப்படி அடிப்பார் என்று ஒரு கணம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தீவுப் பாலத்தில் ஏறும்போது முதல் அடி விழுந்தது. கியரிலிருந்து இடது கையை எடுத்துப் புறங்கையால் வாயில் அடித்தார். கியர் மாற்றினார், மறுபடி அடித்தார். "எவனப் பாத்துட்டி பல்லக் காட்டுன? சொல்லு." நான் சொல்லவில்லை. சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி. என் தலையைப் பிடித்துக் கதவுக் கண்ணாடியில் மோதினார். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, ஹாரன் அடிக்க வேண்டிய இடத்தில் அடித்துக்கொண்டே, இதையும் செய்தார். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டார். அந்த நிதானம் என்னால் இன்றும் மறக்க முடியாதது. அப்போதுதான் நீ அழுதுகொண்டே அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "அம்மாவ அடிக்காதீங்கப்பா" என்றாய்.

அதுவரை அவர் உன்னைத் தொட்டதில்லை. அன்று திரும்பாமலேயே கையைப் பின்னால் வீசினார். விரல்முட்டி உன் மூக்கில் பட்டது. கல்யாணத்துக்காக வாங்கிய மஞ்சள் சட்டையில் ரத்தம் கொட்டியது. நீ அழக்கூட இல்லை, அதிர்ந்துபோய்ப் பார்த்தாய். அவர் மறுபடி வீசினார். அந்த அடியில் நீ என் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கிற பள்ளத்தில் விழுந்தாய். "வீடு வரட்டும். இன்னைக்கு ஒங்க ரெண்டு பேரையும் முடிச்சிடுதேன்" என்றார். வழக்கமாக என்னைச் சொல்வார். 'ரெண்டு பேரையும்' என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

துறைமுகக் குடோன்களின் நீண்ட மதில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். தூரத்தில் இடதுபுறம் ஒரு டிரெய்லர் லாரி நின்றிருந்தது. நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். உன்னைக் காப்பாற்றச் செய்தேன் என்று சொன்னாலும் பொய். நீ பின்னால் இருக்கிறாய் என்பதே அந்த ஒரு நொடி என் தலையில் இல்லை. இந்தக் கை நிற்க வேண்டும், அவ்வளவுதான் இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கமாக முழு பலத்தோடு இழுத்தேன்.

அவர் என்னை முழங்கையால் இடித்து, எதிர்ப்பக்கம் ஒடித்தார். கார் நடைபாதைக் கல்லில் ஏறி, மரத்தில் உரசி, சுற்றியது. அவர் உட்கார்ந்திருந்த மூலை டிரெய்லரின் பின்புறத்துக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. சத்தத்தை எப்படி எழுதுவது? இரும்பு கிழிகிற சத்தம் துணி கிழிகிற சத்தம் போலத்தான் இருக்கும், பல மடங்கு பெரிதாக. கண்ணாடி முழுவதும் என் மடியில் கொட்டியது. என் தோள் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை, ரேடியேட்டர் தண்ணீர் சீறுகிற சத்தம் மட்டும். அதற்குப் பிறகு அவர் கத்தத் தொடங்கினார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இன்ஜின் பக்கத்துத் தகட்டுக்குள் போயிருந்தது. அவர் கத்துவதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாவம் என்று தோன்றவில்லை. உன்னிடம் பொய் சொல்வதில்லை என்று இந்தக் கடிதத்தைத் தொடங்கியதால் இதையும் எழுதுகிறேன்.

மர நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்த, மூட்டை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகள் ஓடிவந்தார்கள். ஜோசப் என்று ஒருவர், தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு மிச்சக் கண்ணாடியை அடித்து உடைத்தார். அவர் கையும் கிழிந்தது. கடப்பாரை கொண்டுவந்து கதவை நெம்பினார்கள். ஒவ்வொரு நெம்புக்கும் உன் அப்பா அலறினார். எனக்கு அப்போதுதான் நீ ஞாபகம் வந்தாய். "பிள்ள! பிள்ள!" என்று கத்தினேன். ஜோசப் சேட்டன் பாதி உடம்பை உள்ளே விட்டு, என் சீட்டுக்குப் பின்னாலிருந்து உன்னைத் தூக்கினார். உன் முகம் முழுக்க ரத்தம், கண் மட்டும் திறந்திருந்தது. "பேடிக்கண்டா சேச்சி, மோன் ஜீவனோடெ உண்டு" என்றார். பயப்படாதே, பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று ஒரு அந்நிய மனிதர், தன் கையில் ரத்தம் சொட்டச் சொட்டச் சொன்னார். நான் அந்த நேரத்தில்தான் அழுதேன்.

நீ வழக்கம்போல் சீட்டுக்கு நடுவே நின்றிருந்தால் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு டிரெய்லரின் இரும்பில் போய் மோதியிருப்பாய். அவர் அடித்த அடியில் பள்ளத்தில் விழுந்துகிடந்ததால்தான் புருவத்தில் ஆறு தையலோடு தப்பினாய். இதை எத்தனையோ நாள் திருப்பித் திருப்பி நினைத்திருக்கிறேன். அந்த அடிக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை. ஆனால் உன்னைப் பிழைக்க வைத்தது என் புத்தி அல்ல என்பதும் எனக்குத் தெரியும். நான் இழுத்த இழுப்பில் உன்னைக் கொன்றிருக்கக்கூடும். கடவுள் காப்பாற்றினார் என்று ஊர் சொன்னது. நான் கும்பிடப் போகும்போதெல்லாம் அதைச் சொல்ல வாய் வராமல் நிற்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோள் எலும்பு புதிது. விலாவில் இரண்டு இடம் பழையது. விரல் பழையது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இது ஆரா செய்தது?" என்று கேட்டார். யார் செய்தது. ஆறு வருஷத்தில் ஒருவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றேன். "மூணு தடவையுமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு போலீஸ்காரர் வந்து எப்படி நடந்தது என்று கேட்டபோது, நாய் குறுக்கே வந்தது என்றேன். நாய்க்கு நிறம் நான் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குத் தலையில் அடிபட்டதில் மண்டபத்தை விட்டுக் கிளம்பியது வரைதான் நினைவிருந்தது. நான் சொன்ன நாயை அவர் எடுத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அது செவலை நாய் ஆகிவிட்டது. நீயும் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டு, அதன் வாலைப் பார்த்ததாகக்கூடச் சொல்லத் தொடங்கினாய்.

எட்டு மாதம் அவர் கட்டிலில் கிடந்தார். அந்த எட்டு மாதம்தான் நான் இந்த ஊரில் வாழத் தொடங்கியது. தோளில் கட்டோடு கடையைத் திறந்தேன். கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைக்கக் கற்றேன். குடோன்காரர்களோடு பேசினேன், எந்தச் சாக்கு மிளகுக்கு, எது இஞ்சிக்கு என்று தொட்டுப் பார்த்துச் சொல்லுமளவுக்கு வந்தேன். ஜோசப் சேட்டன் ஞாயிறுதோறும் உனக்கு ஏதாவது தின்பண்டம் கொண்டுவருவார். வீட்டில் நான் உன் அப்பாவைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், மலம் அள்ளினேன். ஊரே என்னைப் புகழ்ந்தது. ஆனால் இரண்டு முறை, தண்ணீர்ச் செம்பை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறேன். வேண்டுமென்றேதான். மத்தியானம் வந்து பார்த்தால் உதடு காய்ந்து, செம்பையே பார்த்துக்கொண்டு கிடப்பார். கேட்க மாட்டார். அப்போது எனக்குள் ஒரு ருசி இருந்தது, சரவணா. அடிக்கிறவனுக்கு அடிக்கும்போது என்ன ருசி கிடைக்கிறது என்று அன்று எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகு செம்பைக் கைக்கு எட்டும்படி வைத்தேன். உன் கையில் அந்த ருசி ஏறிவிட்டதா என்று நீ மட்டும்தான் சொல்ல முடியும்.

கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கினார். முதல் மாதம் சாதுவாக இருந்தார். ஒரு மழை மத்தியானம், நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய், கடைக்கு வந்தார். அவரைக் கேட்காமல் ஒரு குடோனுக்கு நான் சாக்கு அனுப்பியிருந்தேன். "யாரக் கேட்டு அனுப்புன?" என்று கம்பை ஓங்கி என் தோளில் இறக்கினார். முறிந்து சேர்ந்த அதே எலும்பு. கண் இருட்டியது. சாக்குக் கட்டில் சாய்ந்து நின்றேன். அவர் இன்னொரு முறை கம்பைத் தூக்கினார்.

"அன்னைக்கு நாய் வரல" என்றேன்.

கம்பு மேலேயே நின்றது. "என்ன சொல்லுத?"

"நாயே வரல. வண்டியத் திருப்பினது நான். ரெண்டு கையாலயும் இழுத்தேன்."

அவர் என்னையே பார்த்தார். மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒவ்வொன்றாக நினைவு வந்தது எனக்குத் தெரிந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. கடைசியில், "பிள்ள பின்னால இருந்தானேட்டி" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் அன்று வாய் தானாகப் பேசியது. "இருந்தான். மூக்குல ரத்தம் வழிய இருந்தான். அது லாரில இடிச்சு வந்த ரத்தம் இல்ல, நீங்க அடிச்சு வந்தது. இனி ஒரு தடவ எம்மேலயோ அவன் மேலயோ கை ஓங்குனா, எனக்குக் காரும் வேண்டாம், லாரியும் வேண்டாம். ஒங்களுக்குச் சோறு போடுதது நான்தான். நெனவு வச்சுக்கிடுங்க."

அவர் கம்பைக் கீழே இறக்கினார். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தார். நான் கோணி ஊசியை எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தேன், விரலில் இரண்டு முறை குத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் சாகிற வரைக்கும் என் மேல் கை வைக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் நீ இன்னொன்றும் சொன்னாய். "எங்கம்மா முதல் கவளம் சாப்பிடாம எங்கப்பா ஒரு நாளும் சாப்பிட்டதில்ல. அதுதான் அன்பு" என்று சொல்லி ரம்யாவைப் பார்த்துச் சிரித்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். அது அன்பில்லை மகனே. நான் சோற்றில் எதையாவது கலந்திருப்பேன் என்ற பயம். ஒரே சட்டியிலிருந்து நான் போட்டுக்கொண்டு, பிசைந்து, விழுங்கி, கொஞ்ச நேரம் உயிரோடு இருந்த பிறகுதான் அவர் கை சோற்றில் இறங்கும். நம் வீட்டின் அமைதியை நீ பார்த்து வளர்ந்தாயே, அதன் அடியில் இருந்தது இதுதான். அவர் திருந்தி நிறுத்திய கை அல்ல அது. பயத்தில் நின்ற கை.

ஆனால் அவர் அப்படியே முடிந்துபோனார் என்று சொன்னால் அதுவும் நியாயம் ஆகாது. பயத்தில் தொடங்கியது எப்போது வேறு ஒன்றாக மாறியது என்று எனக்குத் தெரியாது. நீ பத்தாவது படிக்கும்போது எனக்கு டைபாய்டு வந்ததே, அவர்தான் கஞ்சி காய்ச்சி, முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு எனக்குக் கொடுத்தார். கைக்கடிகாரத்தை விற்றுவிட்டாரா, எங்கே போட்டார் என்று தெரியவில்லை, அதற்குப் பிறகு அவர் கையில் நான் கடிகாரம் பார்த்ததில்லை. சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் இதய டாக்டரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, வெலிங்டன் தீவு ரோட்டில் ஜன்னல் வழியே கையை நீட்டி, "இங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். தோப்பும்படிப் பாலத்தில் ஏறியதும் என் பக்கம் பார்க்காமல், "நீ திருப்பலன்னா நான் அன்னைக்கு நிறுத்தியிருக்க மாட்டேன்" என்றார். "வீட்ல வச்சு முடிச்சிருப்பேன்." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, நானும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் மட்டாஞ்சேரியில் இறங்கி, அவர் கம்பை ஊன்ற, நான் மருந்துப் பையைத் தூக்க, வீட்டுக்கு நடந்தோம். அந்த விபத்தில் கிடைத்த நல்லது என்று ஒன்று உண்டென்றால் அதுதான். உனக்கு உயிர், எனக்கு ஒரு தொழில், அவருக்குத் தான் யார் என்று பார்க்கப் பதினேழு வருஷம்.

அதனால் நல்லதுதான் நடந்தது என்று எடுத்துக்கொள்ளாதே. நல்லதாக முடிந்தது, அவ்வளவே. ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் போயிருந்தால் மூன்று பிணம். யாருடைய கல்யாணத்தையும் சரிசெய்ய யாரும் காரை லாரிக்கு அடியில் செருக வேண்டியதில்லை. நான் செய்த தப்புகளில் அந்த இழுப்பு பெரியதா, அதற்குப் பிறகு உன்னிடம் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டது பெரியதா என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். அப்பாவின் மேல் பிள்ளைக்கு மரியாதை இருக்கட்டும் என்று நினைத்தேன். எனக்கு வெட்கம், அதுவும் ஒரு காரணம். நீ அடிக்காத அப்பாவைப் பார்த்து வளர்ந்தாய், அதனால் உன் கைக்கு அடிக்கத் தெரியாது என்று நம்பினேன். அவரும் முதல் நாள் ஒரே ஒரு அடிதான் அடித்தார் சரவணா. மறுநாள் காலையில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். நீ ரம்யாவுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய் என்று அவள் சொன்னாள். அதை இங்கே எழுதவில்லை.

நீ வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாய். அத்தனை டன் எடையுள்ள கன்டெய்னரை ஆள் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சிராய்ப்பு இல்லாமல் இறக்கி வைக்கிறாய் என்று உன் சினேகிதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு கோபத்தில் வேலைக்குப் போனாலும் அங்கே உன் கை தவறியதில்லை. ஆகவே கை தானாகப் போய்விட்டது என்று என்னிடம் சொல்லாதே. மேலதிகாரி உன்னைத் திட்டும்போது போகாத கை அது. போலீஸ்காரரிடம் போகாத கை. களமசேரியில் கதவைச் சாத்திய அறைக்குள், உன்னைவிட ஒரு முழம் குட்டையான பெண்ணிடம் மட்டும் போயிருக்கிறது. எங்கே அடிக்கலாம், எங்கே கூடாது என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். ரம்யாவுக்கு போன் செய்வதை நிறுத்து. அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டு நீ அடித்ததை நீயே உன் வாயால் சொல், வேறு யார் சொல்லியும் அவர் கேட்க வேண்டாம். கோபத்துக்கு மருந்தும் பேச்சும் கொடுக்கிற டாக்டர்கள் இப்போது இருக்கிறார்கள். வெட்கப்படாமல் போ, ஒரு நாள் போய்விட்டு நிறுத்தாமல் போ. இதையெல்லாம் செய்தால் அவள் திரும்பி வருவாள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. வராமலும் இருக்கலாம். அப்போதும் நீ செய்ய வேண்டியது இதையேதான். நீ என் பிள்ளை. உன்னை நான் வெறுக்க முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். ஆனால் அவள் காது சரியாகிற வரைக்கும் உனக்குச் சோறு போட என் கை வராது.

ரம்யாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இன்று காலையில் அடுப்படியில் உட்காரவைத்து, இதுவரை எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டாள். முடித்ததும் அவளுடைய பாதி மலையாளம் பாதித் தமிழில், "அம்மே, அந்த திவசம் இனியும் வந்தா, நீங்க பின்னையும் வண்டி திருப்புமோ?" என்று கேட்டாள். அந்த நாள் மறுபடி வந்தால் மறுபடியும் திருப்புவீர்களா என்று.

"மாட்டேன்" என்றேன். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு, கல்யாண மண்டபத்துலயே வண்டி ஏறாம நின்னிருப்பேன். அன்னைக்கு எனக்குப் போய் நிக்க ஒரு வீடு இல்ல மோளே. அதான் அப்படி ஆச்சு."

அவள் எழுந்தாள். வந்த நாளிலிருந்து வாசல் பக்கத்திலேயே, ஜிப்பைக்கூடத் திறக்காமல் வைத்திருந்த தன் பையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அலமாரியில் இருந்த உன் பழைய சட்டைகளை எடுத்து மடித்துக் கட்டிலில் அடுக்கினாள். அந்த இடத்தில் தன் துணிகளை ஒவ்வொன்றாக வைத்தாள். நான் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வரலாம், இது உன் வீடும்தான். ஆனால் வந்தால் கதவைத் தட்டிவிட்டு வெளியே நில். திறக்கலாமா வேண்டாமா என்று அவள் சொல்வாள், நான் அதன்படி செய்வேன்.

உன் அம்மா